சின்ன மண் அணை வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

மீன் பிடிக்க, படகு விட என்று சொந்த நிலத்தில் மண் அணை வைத்திருப்பவர்கள் அமெரிக்காவில் ஏராளம். இவர்கள் செய்யும் முதல் தவறு, "இத்தனை வருஷம் நின்றது, இனிமேலா உடையப் போகிறது?" என்று இருப்பது. ஜார்ஜியாவில் டொக்கோவா அருவிக்கு மேலே இருந்த கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 40 அடி உயரம்தான். 1957 வரை அதில் மின்சாரம் எடுத்தார்கள், அப்புறம் ஏரி வெறும் பொழுதுபோக்குக்கு என்றாகிவிட்டது. 1977 நவம்பர் 6, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு, நல்ல மழையில் கரை உடைந்தது. கீழே இருந்த பைபிள் கல்லூரி வளாகத்தில் 39 பேர் இறந்தார்கள். வெளிச்சரிவு மிகவும் செங்குத்து, அதில் மரங்கள் வேறு. 1973-இல் எடுத்த ஒரு படத்திலேயே அந்தச் சரிவில் மண் சரிந்திருப்பது தெரிகிறது.

கரையில் மரம் வளரவே விடக் கூடாது. வளர்ந்துவிட்டால், ஆளை வைத்து வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதும் தப்புதான், ஏனென்றால் வேர் உள்ளேயே மக்கி, தண்ணீர் போக வழி விட்டுவிடும். பெரிய மரம் என்றால் பொறியாளரைக் கேட்காமல் கைவைக்காதீர்கள்.

மண் கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கசிவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கள். தெளிவாகவே இருந்தால், அளவு கூடுகிறதா என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும்; அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது என்று பொருள், அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். அவசரப்பட்டு வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைக்காதீர்கள். தண்ணீர் உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் கிளம்பும். மண்ணைப் பிடித்துவைத்துத் தண்ணீரை மட்டும் விடும் மணல், சரளை அடுக்குதான் அங்கே வேண்டும்.

அடுத்தது கலங்கல், அதாவது உபரிநீர் வழி. வளர்த்த மீன் ஓடிவிடக் கூடாது என்று அதில் வலை கட்டுகிறார்களே, அந்தப் புத்திசாலித்தனத்துக்குப் பழைய உதாரணம் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை. கார்னெகி, ஃப்ரிக் மாதிரி பெரும் பணக்காரர்கள் உறுப்பினராக இருந்த மீன்பிடி கிளப்புக்குச் சொந்தமான அணை அது. கலங்கலில் இரும்புத் தடுப்பு, மேலே வண்டி போவதற்காகக் கரையின் உயரத்தையும் குறைத்தார்கள். முந்தைய உரிமையாளர் பிடுங்கி விற்ற மதகுக் குழாய்களைத் திரும்பப் போடவில்லை, ஆக நீர்மட்டத்தை இறக்க வழியே இல்லை. 1889 மே 31 மழையில் குப்பைகூளம் தடுப்பில் அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து உடைத்தது. கீழே ஜான்ஸ்டவுன் ஊர். மொத்தம் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். மண் அணைமேல் தண்ணீர் ஏறினால் அவ்வளவுதான்.

பெருச்சாளி மாதிரி வளை தோண்டுகிறவற்றையும் கவனியுங்கள். மதகு வால்வை வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து மூடிப் பாருங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் துரு பிடித்து இறுகிக் கிடக்கும். சாதாரண நாளில் பழுதுபார்க்க ஏரியை வடிப்பதாக இருந்தால் மெதுவாக வடியுங்கள்: மட்டம் மளமளவென்று இறங்கினால், ஊறிப்போன உள்சரிவு தாங்காமல் சரிந்துவிடும்.