சிறிய காருக்குக் கன்வெர்ட்டிபிள் கார் சீட்: முதலில் காரை அளவெடுங்கள், பிறகு சீட்டைப் பாருங்கள்

கார் சீட் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சீட்டின் படத்தையும் விலையையும் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு அதனால் பெரிய பாதகமில்லை. ஆல்டோ, வேகன்ஆர், டியாகோ, கிராண்ட் ஐ10, க்விட் போன்ற கார்களில் நிலைமை வேறு. வீட்டுக்கு வந்த சீட்டைப் பின்னோக்கி (குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும்படி) வைத்தால் முன்னிருக்கை டேஷ்போர்டில் இடிக்கும், அல்லது காரின் பெல்ட் நீளம் போதாது. உடனே "சரி, முன்னோக்கியே வைத்துவிடலாம்" என்று எட்டு மாதக் குழந்தையை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்துவிடுவார்கள். இந்த ஒரு தவறைத் தவிர்க்கத்தான் கீழே உள்ள வரிசை.

கன்வெர்ட்டிபிள் என்றால் முதலில் பின்னோக்கியும், குழந்தை வளர்ந்த பிறகு முன்னோக்கியும் வைக்கக்கூடிய சீட்; கைக்குழந்தைக்கான கூடை மாதிரி சீட்டைப் பின்னோக்கி மட்டுமே வைக்கலாம். குழப்பம் வராமலிருக்க ஒன்று மட்டும்: இந்தப் பதிவில் 'பெல்ட்' என்றால் காரின் பெல்ட்; 'பட்டை' என்றால் சீட்டுக்குள் குழந்தையைக் கட்டும் ஐந்து முனை ஹார்னஸ்.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 50 கிமீ வேகத்தில் போகும் கார் 0.1 விநாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்கும் பலம் கையில் வேண்டும். எந்தக் கைக்கும் அது இல்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம் என்கிறது.

முதல் படி: குழந்தையின் எடை

வயதை விடுங்கள், எடையைப் பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, நடுத்தர எடையுள்ள ஆண் குழந்தை 1 வயதில் 9.6 கிலோ, 2 வயதில் 12.2, 3 வயதில் 14.3 கிலோ இருக்கும். பெண் குழந்தை அதைவிடச் சற்றுக் குறைவு.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், பெட்டியில் '0–18 கிலோ' என்று பெரிதாகப் போட்டிருக்கும் பல சீட்டுகளில் பின்னோக்கி வைப்பதற்கான வரம்பு 13 கிலோதான்; முன்னோக்கிய நிலை 9 கிலோவிலிருந்து தொடங்கும். அந்த 9 கிலோ 'வைக்கலாம்' என்ற கீழ் எல்லை மட்டுமே. பலர் அதை 'திருப்பியாக வேண்டும்' என்று படித்துவிடுகிறார்கள். கைக்குழந்தையின் தலை உடம்புக்குப் பொருத்தமில்லாத அளவு கனம், கழுத்தெலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. நேருக்கு நேர் மோதலில் பின்னோக்கிய சீட் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒன்றாகத் தாங்கும். முன்னோக்கிய சீட்டில் உடம்பு பட்டையில் நின்றுவிடும், தலை மட்டும் முன்னால் பாயும். ஐரோப்பாவின் ஆர்129 தரம் குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கியே வைக்க வேண்டும் என்கிறது. என் கருத்தில் அதுவும் குறைவுதான். சீட் அனுமதிக்கும் கடைசி கிலோ வரை பின்னோக்கியே வையுங்கள். பின்னோக்கி 18 கிலோ வரை தாங்கும் சீட் கிடைத்து, அது உங்கள் காரிலும் பொருந்தினால் யோசிக்காமல் வாங்கலாம்.

இரண்டாம் படி: காரை அளப்பது

இன்ச் டேப்போடு காருக்குப் போங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். ஓட்டுநர் இருக்கையை ஓட்டுபவர் வழக்கமாக வைக்கும் இடத்தில் வையுங்கள். இடது முன்னிருக்கையில் உங்கள் வீட்டிலேயே உயரமானவரை உட்கார வைத்து, அவருடைய முழங்கால் டேஷ்போர்டில் படாத இடம் வரை இருக்கையை முன்னால் தள்ளுங்கள். ஏர்பேக் மூடிக்கும் அவர் நெஞ்சுக்கும் 25 செ.மீ.யாவது இருக்கட்டும். இப்போது பின்னிருக்கையின் முதுகிலிருந்து முன்னிருக்கையின் முதுகு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிய சீட்டுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான்.

நம் ஊரில் சீட்டுக்கு நல்ல இடம் இடதுபுறப் பின்னிருக்கை. நடைபாதை ஓரமாகக் கதவைத் திறந்து ஏற்றி இறக்கலாம். நடு இடம் பக்கவாட்டு மோதலுக்குப் பாதுகாப்பானதுதான். ஆனால் பழைய சிறிய கார்கள் பலவற்றில் அங்கே இடுப்புப் பெல்ட் மட்டுமே உண்டு. மூன்று முனைப் பெல்ட் கேட்கும் சீட்டை அதில் கட்டக் கூடாது. முன்னிருக்கையில், ஏர்பேக் இயங்கும் நிலையில், பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் ஏர்பேக் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னாலிருக்கும் சீட்டின் ஓட்டின் மேல்தான் அறையும்.

வீல்பேஸை (முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) வைத்து இடத்தைக் கணிக்காதீர்கள். வேகன்ஆருக்கு 2435 மி.மீ., ஸ்விஃப்டுக்கு 2450 மி.மீ. ஆனால் வேகன்ஆரில் நிமிர்ந்து உட்காரும் அமைப்பு என்பதால் பின்னோக்கிய சீட்டுக்கு அங்கே வசதி அதிகம். ஆல்டோ கே10-இல் 2380 மி.மீ. மட்டுமே, அதில் சீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு செ.மீ.யும் கணக்கு.

சீட்டின் பின்னோக்கிய நீளம், அகலம், உயரம் மூன்றும் கையேட்டில் இருக்கும். கடையில் காரில் வைத்துப் பார்க்க வழியில்லை என்றால், அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிப் பின்னிருக்கையில் வைத்துப் பாருங்கள். கதவு வழியாக அது நுழைகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: எதில் மாட்டப் போகிறீர்கள்?

பின்னிருக்கையின் அடியும் முதுகும் சேரும் இடுக்கில் விரலை விடுங்கள். 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு இரும்புக் கம்பிகள், மையத்துக்கு மையம் 28 செ.மீ. இடைவெளியில் தட்டுப்பட்டால் அதுதான் ஐசோஃபிக்ஸ், அதாவது பெல்ட் இல்லாமல் சீட்டை நேராகக் காரில் பூட்டும் பிடிமானம். அது மட்டும் போதாது. மூன்றாவது பிடிமானமும் வேண்டும். சீட்டின் தலைப்பக்கத்திலிருந்து வரும் டாப் டெதர் நாடாவோ, தரையில் ஊன்றும் காலோ அந்த வேலையைச் செய்யும். டெதருக்கான கொக்கி ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் பின்னிருக்கையின் முதுகுப்பக்கமோ டிக்கித் தரையிலோ இருக்கும். பக்கத்தில் நங்கூரப் படம் போட்டிருக்கும். சாமான் கட்டும் கொக்கியில் டெதரை மாட்டிவிடாதீர்கள், மோதல் விசையை அது தாங்காது. ஊன்றுகால் சீட் வாங்குவதாக இருந்தால், அது ஊன்றும் இடத்தில் தரைக்கடியில் பெட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முன்னோக்கிய நிலையில் டெதர் சிறிய காருக்கு இன்னும் முக்கியம். குழந்தையின் தலைக்கும் முன்னிருக்கையின் முதுகுக்கும் இடைவெளி குறைவு. தலை முன்னால் பாயும் தூரத்தைக் குறைப்பதே டெதரின் வேலை.

ஐசோஃபிக்ஸ் இல்லையென்றால் கவலை வேண்டாம். சரியாகக் கட்டிய பெல்ட் சீட் உறுதியானதுதான். தடுக்கி விழ வைக்கும் இடங்கள் அடுத்த படியில்.

நான்காம் படி: பெல்ட்டில் கட்டுவது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். நம் கார்களின் பின்பெல்ட் மெதுவாக இழுத்தால் தாராளமாக வரும், வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்கு அது சரி. சீட்டைக் கட்டும்போது, நீங்கள் இறுக்கியதும் அது ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஆகவே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் லாக்-ஆஃப் கிளிப் சீட்டிலேயே இருக்க வேண்டும். அது இல்லாத பெல்ட் சீட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் சீட்டுகளுக்கும் இது பொருந்தும். அங்குள்ள கார்களில் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் அதுவே பூட்டிக்கொள்ளும்; அதை நம்பி வடிவமைத்த சீட்டில் லாக்-ஆஃப் இல்லாமலிருக்கலாம். அவற்றின் துணிநாடாக் கொக்கிகள் நம் ஐசோஃபிக்ஸ் கம்பியில் மாட்டும், ஆனால் குழந்தையும் சீட்டும் சேர்த்து 29.5 கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

அடுத்தது பெல்ட்டின் நீளம். பின்னோக்கிய நிலையில் பல சீட்டுகளுக்குத் தோள்பகுதி சீட்டையே சுற்றிவர வேண்டும். பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து சீட்டைக் கட்டிப் பாருங்கள். பக்கிளை எட்ட இரண்டு விரற்கடை குறைந்தாலும் அந்தச் சீட் உங்கள் காருக்கு ஆகாது. பெல்ட்டை வேறு வழியில் விட்டு ஒப்பேற்றக் கூடாது. பெல்ட் நீட்டிப்புத் துண்டு வாங்கி மாட்டுவதும் தவறு.

மூன்றாவது, பக்கிளின் தண்டு. சில கார்களில் பக்கிள் நீளமான தண்டில் எழுந்து நிற்கும். பெல்ட்டை இறுக்கியதும் பக்கிளின் உடம்பு சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் வந்து மடங்கும். மோதலின்போது விசை பெல்ட் நாடாவில் விழாமல் பக்கிளை வளைக்கும். அது உடையலாம், திறந்தும் கொள்ளலாம். பக்கிள் முழுவதும் விளிம்புக்குக் கீழேயோ, நேர்கோட்டில் இழுபட்டோ இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மறுபக்க இருக்கையில் வைத்துப் பாருங்கள், அங்கும் இப்படியே என்றால் சீட்டை மாற்றுங்கள்.

இறுக்கும் முறை இது. பெல்ட்டைப் பின்னோக்கிய நிலைக்கான வழியில் விடுங்கள் (பல சீட்டுகளில் நீல அடையாளம், முன்னோக்கிக்குச் சிவப்பு). பக்கிளை மாட்டுங்கள். சீட்டின் மேல் ஒரு கையை ஊன்றி உடல் எடை முழுவதையும் கொடுங்கள். முதலில் இடுப்புப் பகுதியை இழுத்து, அந்தத் தளர்வைத் தோள்பகுதி வழியாக மேலே உருவுங்கள். அழுத்தத்தை விடாமலே லாக்-ஆஃபை மூடுங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டுங்கள். 2.5 செ.மீ.க்குள் அசைந்தால் சரி. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுகிறதே" என்று பயப்பட வேண்டாம். பின்னோக்கிய சீட்டின் தலைப்பக்கம் கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

ஐந்தாம் படி: சாய்வு

சிறிய கார்களின் பின்னிருக்கை முதுகுப்பக்கம் தாழ்ந்து சரிந்திருக்கும். அதன்மேல் பின்னோக்கிய சீட்டை வைத்தால் குழந்தையின் கால்பக்கம் தாழ்ந்து, சீட் தேவைக்கு மேல் நிமிர்ந்துவிடும். பிறந்த குழந்தைக்கு இது ஆபத்து: தலை முன்னால் விழுந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடும். கையேடு அனுமதித்தால், இறுகச் சுருட்டிய துண்டைப் பின்னிருக்கையின் அடியும் முதுகும் சேரும் இடுக்கில் வைத்து, சீட்டில் போட்டிருக்கும் சாய்வு அளவுக் கோட்டைத் தரைக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 45 டிகிரி.

தலையை நன்றாக நிறுத்தும் வயது வந்ததும் சாய்வைக் குறைக்க அனுமதிக்கும் சீட்டா என்று பாருங்கள். நிமிர்ந்த சீட் முன்பின்னாகக் குறைந்த இடத்தையே பிடிக்கும். முன்னிருக்கைக்காரருக்குக் கால்வைக்க இடம் திரும்பக் கிடைக்கும். சிறிய காருக்கு இந்த வசதி, 360 டிகிரி சுழலும் வசதியைவிடப் பல மடங்கு பயனுள்ளது. சுழலும் சீட்டின் அடித்தளம் உயரமானது, கனமானது. தாழ்ந்த கூரையுள்ள காரில் குழந்தையின் தலையைக் குனிய வைத்தே ஏற்ற வேண்டிவரும். முன்னிருக்கை நெருக்கமாக இருந்தால் சுழலவும் செய்யாது. காரில் வைத்துச் சுழற்றிப் பார்க்காமல் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: பட்டை

பின்னோக்கியிருக்கும்போது தோளுக்கு மேல் வரும் பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்னோக்கியிருக்கும்போது தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கிய பிறகு தோளருகே பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு வரக் கூடாது.

தரமுத்திரை பற்றிச் சுருக்கமாக. ஆரஞ்சு ஒட்டுத்தாளில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், 04 என்று தொடங்கும் அனுமதி எண்ணும் இருந்தால் அது ஆர்44/04 என்ற ஐரோப்பியத் தரம். ஆர்129 என்றிருந்தால் இன்னும் புதியது. இந்தியத் தரம் ஏஐஎஸ் 072. எதுவும் இல்லாத சீட் வெறும் நாற்காலி. பழைய சீட்டை யாராவது கொடுத்தால், அது விபத்தில் சிக்கியதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். அடியில் அச்சடித்த தயாரிப்புத் தேதியையும் காலாவதியையும் பாருங்கள்.

பின்னர் சேர்த்தவை

ரெக்சின் சீட் கவர்: வெளியே கடையில் போட்ட கவர் பல கார்களில் ஐசோஃபிக்ஸ் இடுக்கையே மூடித் தைக்கப்பட்டிருக்கிறது. கம்பி இல்லை என்று நினைப்பவர்கள் முதலில் கவரைக் கழற்றிப் பாருங்கள். தடித்த வழுவழுப்பான கவரின் மேல் பெல்ட் சீட்டும் நாளடைவில் நழுவித் தளரும். சீட் வைக்கும் பக்கமாவது கவர் இல்லாமல் இருப்பது நல்லது.

சிஎன்ஜி கார்: டிக்கியில் சிலிண்டர் இருந்தால் டெதர் கொக்கிக்குக் கை போகுமா என்று முதலில் பாருங்கள். பின்னிருக்கையின் முதுகை மடித்துக் கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்த்துவது பல கார்களில் எளிது. டெதரைச் சிலிண்டர் சட்டத்தில் கட்டுவது கூடவே கூடாது.

தலைச்சாய்வு: அடிப்படை வேரியன்ட்டுகளில் பின்னிருக்கையின் ஹெட்ரெஸ்ட் முதுகோடு சேர்ந்தே வரும், கழற்ற முடியாது. முன்னோக்கிய சீட்டின் தலைப்பக்கம் அதில் முட்டி, சீட்டின் முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே வெற்றிடம் விழுந்தால், உயரம் குறைந்த வேறு சீட்டைத் தேடுங்கள்.

"கால் மடங்குகிறதே, பாவம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். பின்னோக்கி உட்காரும் இரண்டு வயதுக் குழந்தை காலைச் சம்மணம் போட்டோ இருக்கை முதுகில் ஏற்றியோ வைத்துக்கொள்ளும். கால் முட்டுவது திருப்புவதற்குக் காரணமில்லை. எடை வரம்பைத் தாண்டுவதும், தலை உச்சி ஓட்டின் விளிம்பை எட்டுவதும்தான் காரணம். கையேட்டில் அந்த உயரக் கணக்கு இருக்கும்.

வெயில்: மதியம் வெளியே நின்ற காரில் பட்டையின் உலோக நாக்கு சுடும். இறங்கும்போது வெளிர் நிறத் துணியைச் சீட்டின் மேல் போர்த்திவிட்டுப் போங்கள். முதுகுக்கும் பட்டைக்கும் நடுவே தலையணை, தடித்த மெத்தை எதுவும் வைக்கக் கூடாது. மோதலில் அது நசுங்கிப் பட்டை தளர்ந்துவிடும். பட்டையைத் துவைக்கவும் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள்.