ஒரு வழக்கம் பரவுவதை ஆராய்வது எப்படி?

ஒரு பண்பாட்டு வழக்கம் எப்படிப் பரவுகிறது என்று ஆராயப் புகுவோர் பலர், மீம்கள் பரவுவதை ஆராயும் மீமியலை மட்டும் துணைக்கொண்டு, எத்தனை பேர் அதைப் பின்பற்றுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். 1976இல் மீம் என்ற கருத்தை முன்வைத்த உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், பார்த்துச் செய்வதன்வழி மூளைக்கு மூளை படியெடுக்கப்படும் பண்பாட்டு அலகு என்று அதை விளக்கினார். ஆனால் படியெடுக்கப்படுவது எது என்று வரையறுக்க, குறிகள் பொருள் உணர்த்தும் விதத்தை ஆராயும் குறியியலும் வேண்டும். சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் இருக்கை பிடிக்கும் ‘ச்சோப்’ வழக்கத்தைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில், தேக்கா நிலையத்துக்கு மதிய உணவு வேளையில் சென்று, கண்ணால் கண்டதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஆளில்லாத மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலம் இருக்கிறது; பிரியாணித் தட்டை ஏந்தி வருபவர் அதைக் கண்டதும் வேறு மேசை தேடிப் போகிறார். ‘மரியாதை’, ‘உரிமை’ போன்ற சொற்கள் உங்கள் விளக்கங்கள் என்பதால் அவற்றை இப்போது எழுத வேண்டாம்.

அடுத்து, பொட்டலத்துக்குப் பதிலாக வேறு என்னென்ன வைக்கப்படுகின்றன என்று பாருங்கள். குடை, தண்ணீர்ப் புட்டி, அலுவலக அட்டை ஆகியவை வடிவத்தால் தொடர்பற்றவை எனினும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஆகவே பரவியிருப்பது அவற்றைப் படிக்கும் விதியே. குறிகளை வகைப்படுத்திய மெய்யியலாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பர்ஸின் பகுப்பின்படி, யாரோ இங்கே வந்துபோனதற்குத் தடயமாக இருப்பதால் அப்பொட்டலம் ஒரு சுட்டுக்குறி. ‘இடம் பிடித்தாகிவிட்டது’ என்ற பொருள் ஊர் வழக்கை அறிந்தவருக்கே விளங்குவதால் அது மரபுக்குறியும் ஆகும். மீம் என்பதே குறியின் புறவடிவம்தான் என்று மானிடவியலாளர் டெரன்ஸ் டீக்கன் 1999இல் முன்வைத்த வாதத்தின் வலிமை எனக்கு இங்கேதான் புலப்படுகிறது.

வடிவம் அப்படியே இருக்கப் பொருள் மாறிய இடங்களையும் தேட வேண்டும். உண்டு முடித்த தட்டை மேசையிலேயே விட்டுச் செல்வது, துப்புரவாளர் எடுத்துக்கொள்வார் என்று முன்பு இயல்பாகக் கொள்ளப்பட்டது. தட்டைத் திருப்பி வைக்காதோர்மீது 2021 செப்டம்பர் முதல் நடவடிக்கை எடுக்கப்படத் தொடங்கியபின், அதே தட்டு ஒருவர் கடமை தவறியதன் அடையாளமாகப் படிக்கப்படுகிறது. வெறும் எண்ணிக்கையில் பழக்கம் குறைந்தது தெரியுமே தவிர, அது வெட்கத்துக்குரியதாக மாறியது தெரியாது.

பிறகு மக்களிடம் பேசுங்கள். ‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் அந்த நேரத்தில் தோன்றிய காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். ‘அண்ணே, இதை நகர்த்திவிட்டு உட்காரலாமா?’ என்று கேளுங்கள். தயக்கமும் தலையசைப்பும் சேர்ந்தே விடை வரும். அண்மையில் வேலைக்கு வந்தவரிடமும் இங்கேயே பிறந்து வளர்ந்தவரிடமும் இதே கேள்வியைக் கேட்டு, விடைகளைத் தனித்தனியே எழுதுங்கள். ஏனெனில், மானிடவியலாளர் டான் ஸ்பெர்பர் காட்டுவதுபோல், கற்பவர் கண்டதிலிருந்து நோக்கத்தை ஊகித்து, வழக்கத்தைத் தமக்குள் புதிதாகக் கட்டிக்கொள்கிறார். இரு தரப்பாரும் ஒரே பொருள் கொண்ட குறிகளை மட்டும் இறுதியில் எண்ணுங்கள். விடைகள் வேறுபட்டவற்றைத் தனிப் பட்டியலில் வைத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் சென்று பாருங்கள்.