பழைய காரின் ஐடிலிங் ஆட்டத்தைச் சரி செய்தது: என் அனுபவம்
சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்தில் ஓடும் என் 90களின் காருக்கு, பழைய ஈசியூவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) எடுத்துவிட்டு ஸ்பீடுயினோ போட்டேன். ஆர்டுயினோ மெகா என்ற சிறு கணினிப் பலகையில் இயங்கும் திறந்த மூல போர்டு அது. என்ஜின் ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி) ஏறி ஏறி இறங்கியது, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை வேறு.

புதிதாகக் கற்பவர்கள் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று சொல்லும் எரிபொருள் டேபிளைத் தொடுவதற்கு முன், ஸ்பார்க் எப்போது அடிக்கிறது என்று காட்டும் டைமிங் லைட் ஒன்று வாங்குங்கள். மென்பொருளில் இக்னிஷனை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, கிராங்க் புல்லியில் லைட்டைப் பிடித்தேன். குறி வேறு இடத்தில் நின்றது. கிராங்கின் நிலையை போர்டுக்குச் சொல்லும் ட்ரிகர் ஆங்கிளைத் திருத்தி இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் மற்றதெல்லாம். இது சரியில்லை என்றால் திரையில் தெரியும் டைமிங் அத்தனையும் பொய். நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் பிஸ்டனே போய்விடும்.

அடுத்து வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார். பழைய நேரோபேண்ட், காற்று-பெட்ரோல் கலவை, சரியான அளவான 14.7:1-க்கு எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது. வைட்பேண்ட் 11 காட்டியது, அதாவது பெட்ரோல் அதிகம். எரிபொருள் டேபிளில் ஐடில் நிற்கும் விஇ கட்டங்களை (என்ஜின் எவ்வளவு காற்று இழுக்கும் என்ற எண்களை), சுற்றியுள்ளவற்றோடு சேர்த்தே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒன்றை மட்டும் குறைத்தால் என்ஜின் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவி மறுபடி ஆடும்.

இப்போது 850 ஆர்பிஎம்மில் அசையாமல் நிற்கிறது. அடுத்த வேலை, ஏர்கோன் போடும்போது ஐடிலைத் தூக்கிக் கொடுப்பது.