வேலை முடிந்தது, பணம் வரவில்லை: ஒப்பந்தக்காரர் என்ன செய்யலாம்?

கட்டட ஒப்பந்தக்காரர்களுக்குப் பில் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். நிலுவைப் பணத்துக்காக அலைந்து களைத்து வருபவரிடம் நான் முதலில் கேட்பது அளவுத் தாளைத்தான். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, என்ன தேதியில் அளந்தது, கீழே எதிர்த்தரப்புப் பொறியாளரின் கையெழுத்து. இவ்வளவும் இருந்தால் பெரும்பாரம் இறங்கிவிட்டது. பொறியாளர் கையெழுத்திட மறுக்கிறார் என்றால், தாளையும் படங்களையும் மின்னஞ்சலில் அனுப்பி, கூட்டாக அளக்க ஒரு தேதி குறித்துக் கேளுங்கள். பதிலே வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவில் நிற்கும்.

அடுத்து காலக்கெடு. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, நிலுவைக்கு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள்தான். பணம் தரும் தேதி பேசப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்தே கணக்கு ஓடும். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற வாய்ப்பேச்சு அதை நிறுத்தாது. நல்ல மனிதர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஆகவே, உறவு கெடுவதற்கு முன்பே ஆண்டுதோறும் ஒரு நிலுவை உறுதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். ‘இந்தத் தேதியன்று உங்களுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி இவ்வளவு’ என்ற ஒற்றை வரியும் கையெழுத்தும் போதும். மூன்று ஆண்டு முடிவதற்குள் அது கிடைத்தால், கையெழுத்திட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பும்போது பில் வாரியாகத் தொகை, தேதி, வட்டி எல்லாம் தெளிவாக இருக்கட்டும். வசைச்சொல் ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளை நீதிபதி படிப்பார். எதிர்த்தரப்பு அரசு என்றால், வழக்குக்கு முன் இரண்டு மாத அறிவிப்பு பொதுவாகக் கட்டாயம்.

உங்கள் நிறுவனம் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு (இத்தகைய நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையவழிப் பதிவு) பெற்றிருந்தால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பெரிய துணை. எழுத்தில் என்ன பேசியிருந்தாலும், வேலையை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். எதுவும் பேசவில்லை என்றால் 15 நாட்கள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டி. மாநிலத்தின் வசதியாக்கல் மன்றத்தில் இணையவழியில் மனுச் செய்யலாம். முதலில் சமரசம், அது தோற்றால் நடுவர் விசாரணை, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது. தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் வாங்குபவர், தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். இந்த நிபந்தனைக்காகவே இந்த வழியை நான் முதலில் சொல்கிறேன். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பதிவு செய்திருப்பதுதான் பாதுகாப்பு. பொருளும் உழைப்பும் சேர்ந்த கட்டுமான ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் மாறுபட்ட தீர்ப்புகள் தந்திருக்கின்றன. உங்கள் உயர் நீதிமன்றத்தின் நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கொடுத்த காசோலை பணமாகாமல் திரும்பி வந்தால் ஒரு நாளும் வீணாக்காதீர்கள். வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்கவேண்டும். அது சேர்ந்த 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார்.

ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு, அதாவது தகராறு வந்தால் நடுவரிடம் போகவேண்டும் என்ற நிபந்தனை, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனாலும் எதிர்த்தரப்பு கேட்டுக்கொண்டால் பொதுவாக நடுவரிடமே திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால், எழுத்து ஒப்பந்தத்தில் உறுதியான தொகை இருக்கும்போது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 37இன் கீழ் சுருக்க வழக்கு போடலாம். அதில் எதிர்வாதம் செய்யவே நீதிமன்ற அனுமதி வேண்டும். மூன்று லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள கட்டுமானத் தகராறு வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர நிவாரணம் தேவைப்படாதபோது, முன்னதாக மத்தியஸ்தம் கட்டாயம்.

கம்பெனியைத் திவால் சட்டத்தில் இழுக்கலாம் என்று பலர் ஆசை காட்டுவார்கள். அதற்கு நிலுவை குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்கவேண்டும். மனுவுக்கு முன் பணம் கேட்டு அனுப்பும் கேட்பு அறிவிப்புக்கு முன்பே வேலையின் தரம் பற்றி உண்மையான தகராறு இருந்தாலும் மனு நிற்காது. பணம் தராததை மட்டும் வைத்து மோசடிப் புகார் கொடுப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட முடிந்தால்தான் அது நிலைக்கும்.

வாய்மொழியாகச் சொல்லிச் செய்யவைத்த கூடுதல் வேலை? அதையும் விட்டுவிடவேண்டாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 70: இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி, சட்டப்படி செய்த வேலையின் பயனை அனுபவித்தவர் ஈடு தரவேண்டும். அதைத் தனிப் பில்லாக எழுதுங்கள்.

கடைசிப் பில்லுக்குப் பணம் தரும்போது ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளை நீட்டுவார்கள். பாக்கி இருக்கிறதென்றால் ‘மீதிக் கோரிக்கைகளுக்குப் பாதகமின்றி’ என்று உங்கள் கைப்பட எழுதி, பிறகு கையெழுத்திடுங்கள். அப்படி எழுத விடமாட்டேன் என்று வற்புறுத்தினால், அன்றைக்கே நடந்ததைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.