அமீலியா ஏர்ஹார்ட்டை கார்ட்டூன் காமெடியில் காட்டுவது எப்படி

தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, காற்றில் படபடக்கும் கழுத்துத்துணி. இந்த மூன்றையும் மாட்டிவிட்டால் அமெரிக்கப் பெண் விமானி அமீலியா ஏர்ஹார்ட் வந்துவிட்டார் என்று பல கார்ட்டூன்கள் நினைக்கின்றன. அந்த மூன்றும் அந்தக் காலத்து எந்த விமானிக்கும் பொருந்தும். 22 நிமிட எபிசோடில் அவர் வருவது இரண்டு நிமிடம்தான் என்றாலும், உருவம் திரையில் விழுந்தவுடனேயே ஆள் யாரென்று தெரிய வேண்டும்.

முகத்திலிருந்து தொடங்குங்கள். அடையாளம் தருபவை நான்கு: கலைந்த குட்டை முடி, மூக்கின் இரு பக்கமும் புள்ளிகள், முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, ஒல்லியான நெடிய உடல். முடியை ஒரே துண்டாக வரைந்தால் தொப்பி போட்டதுபோல் இருக்கும். நெற்றிப்பக்கம் மூன்று தனி லேயராகப் பிரித்து, தலை திரும்பியபின் அவை இரண்டு ஃப்ரேம் (தனிப்படம்) தாமதமாக வரும்படி ரிக் செய்யுங்கள், அதாவது அசைவுக்கான இணைப்புகளை அமையுங்கள். அந்தக் கலைந்த முடிகூட முடி சுருட்டும் சூடான கம்பியால் அவர் அமைத்துக்கொண்டதுதான். மூக்குப் புள்ளிகளை ஒவ்வொரு படத்திலும் கையால் வைக்காதீர்கள், ஓடவிட்டுப் பார்த்தால் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். பக்கத்துக்கு ஐந்தாறு புள்ளிகளை முக லேயரோடு சேர்த்துக் கட்டி, தூரக் காட்சிகளில் எடுத்துவிடுங்கள்.

பல் இடைவெளியில் ஒரு நல்ல காமெடி இருக்கிறது. புகைப்படத்தில் வாயை மூடியே சிரிக்கும்படி சொன்னவர் ஜார்ஜ் பட்னம். பதிப்பாளர், 1931-இல் அவரை மணந்தவர். ஆகவே ஏர்ஹார்ட் வாய்விட்டுச் சிரிக்கும்போது இடைவெளி தெரியட்டும், கேமரா ஃப்ளாஷ் அடிக்கும் அந்த ஒரு ஃப்ரேமில் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளட்டும். வசனமே தேவையில்லை.

அடுத்தது விமானம். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். அவர் 1921-இல் வாங்கிய கின்னர் ஏர்ஸ்டர் மஞ்சள் நிறம், இரட்டைத் தட்டு இறக்கை, திறந்த இருக்கை. கழுத்துத்துணி பறக்கலாமென்றால் அதில் மட்டும். 1932-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தது சிவப்பு லாக்ஹீட் வெகா: ஒற்றை எஞ்சின், உடலின் மேல் பக்கத்தில் இறக்கை, மூடிய அறை. 1937-இல் உலகைச் சுற்றக் கிளம்பியது வெள்ளி நிற லாக்ஹீட் எலெக்ட்ரா 10ஈ: இரண்டு எஞ்சின், வாலில் இரண்டு செங்குத்துத் தகடு, உள்ளே மடங்கும் சக்கரம். எலெக்ட்ராவுக்குச் சிவப்படித்தால் விமானம் தெரிந்த பார்வையாளர் அந்த நொடியே கதையைவிட்டு வெளியே போய்விடுவார்.

புரொப்பெல்லரை நிஜக் கணக்கில் சுழற்றாதீர்கள். நிமிடத்துக்கு 1,800 சுற்று என்றால் நொடிக்கு 30. நொடிக்கு 24 ஃப்ரேமில் அது ஃப்ரேமுக்கு ஒன்றேகால் சுற்று. இரண்டே பிளேடு என்பதால் ஒரு ஃப்ரேமில் நின்றபடி, அடுத்ததில் படுத்தபடி வந்து, கூட்டல் குறி துடிப்பதுபோல் தெரியும். எஞ்சின் பிடிக்கும் முதல் எட்டு ஃப்ரேம் வரை பிளேடுகளைத் தனித்தனியாக வரையுங்கள். பிறகு 25 சதவீத அடர்த்தியில் ஒரு மங்கல் வட்டு, அதில் வளைந்த ஒளிக்கோடுகளோடு மூன்று படம், ஃப்ரேமுக்கு ஒன்றாகச் சுழற்சி. விமானம் முக்கால் பக்கம் திரும்பும்போது வட்டும் நீள்வட்டமாகச் சுருங்க வேண்டும். இதை மறந்தால் மூக்கில் தட்டை ஒட்டியதுபோல் இருக்கும்.

வெகா காட்சி பெரும்பாலும் இரவு. மே 20 மாலை நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸில் கிளம்பி, சுமார் 15 மணி நேரத்தில் வட அயர்லாந்து சேர்ந்தார். இருட்டில் சிவப்பு கறுத்துவிடும், எனவே மின்னலின் ஓர விளிம்பு ஒளியால் உருவத்தைப் பிரித்துக் காட்டுங்கள். வழியில் உயரமானி நின்றது, எஞ்சின் புகைக்குழாய் விரிசலில் தீ தெரிந்தது, இறக்கையில் பனி கட்டியது. மூன்றையும் வரிசையாகக் காட்டுங்கள், ஆனால் அவர் முகத்தில் பதற்றத்தை ஏற்றாதீர்கள். சுற்றிலும் எல்லாம் கெட்டுப்போக அவர் அமைதியாக இருப்பதுதான் இந்தப் பாத்திரத்தின் நகைச்சுவை. குரல் நடிகரிடமும் இதையே சொல்லுங்கள், கூச்சல் வேண்டாம்.

ஸ்கிரிப்டுக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அந்த 1932 பயணத்தில் பாரிஸுக்குப் போக நினைத்தவர் வட அயர்லாந்தின் கல்மோரில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். ரொம்ப தூரத்திலிருந்தா என்று அங்கிருந்தவர் கேட்க, அமெரிக்காவிலிருந்து என்றாராம். அந்தப் பதிலுக்குப் பிறகு 36 ஃப்ரேம் எதுவும் அசையக்கூடாது, ஒரு பசு மட்டும் மெல்லட்டும். 1928-இல் முதல்முறை அட்லாண்டிக் கடந்தபோது விமானத்தை ஓட்டியவர் வில்மர் ஸ்டல்ட்ஸ். தான் உருளைக்கிழங்கு மூட்டைபோலக் கிடந்ததாக ஏர்ஹார்ட்டே சொன்னார். கூட்டமோ மாலையை அவருக்கே போட்டது. அங்கே அவருக்கு வரும் சங்கடத்தை வரையுங்கள்.

இனி 1937 ஜூலை 2. நியூகினியின் லேயிலிருந்து பசிபிக்கின் ஹவ்லண்ட் தீவுக்குக் கிளம்பிய விமானம் கிடைக்கவே இல்லை. ஏர்ஹார்ட், வழிகாட்டி ஃபிரெட் நூனன் என இரண்டு பேர் உயிர் போன சம்பவம், ‘எங்கே போனார்’ என்ற ஒற்றை ஜோக்கோடு நிறுத்தினால் மட்டமாகத்தான் இருக்கும். தீவில் வாழ்ந்தார், ஜப்பானியரிடம் சிக்கினார் என்று அடித்துச் சொல்லும் துணைப் பாத்திரங்களைக் கிண்டலடியுங்கள், அவரை அல்ல. தேதிக்கோட்டைக் கிழக்கே கடந்து, நாட்காட்டியில் ஒரு நாள் பின்னோக்கிப் போகும் பயணம் அது: லேயில் ஜூலை 2 காலை 10 மணிக்குக் கிளம்பி 20 மணி நேரத்துக்குமேல் பறந்தபின், தீவருகே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலின் கடிகாரத்தில் அதே ஜூலை 2, காலை 8:43. கடைசி வானொலிச் செய்தி கேட்ட நேரம் அது. நேரப் பயணக் கதையென்றால் இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது.

வழிகாட்டி ஃபிரெட் நூனனை விட்டுவிடாதீர்கள். எலெக்ட்ராவில் ஏர்ஹார்ட்டை மட்டும் உட்காரவைப்பது வரலாற்றுப் பிழை மட்டுமல்ல, காமெடிக்கும் நஷ்டம். கராச்சியில் ஏர்ஹார்ட் ஒட்டகத்தில் ஏறியபோது பாராசூட் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கிண்டலடித்த மனிதர் அவர். விமானத்தில் முன்னறைக்கும் அவர் மேசைக்கும் நடுவே எரிபொருள் தொட்டிகள். அவற்றின் மேலாக மூங்கில் தூண்டில் கம்பின் நுனியில் குறிப்புச் சீட்டைச் செருகி நீட்டுவார்கள். அந்தக் கம்பை ரிக்கில் தனிப் பொருளாக வையுங்கள், நுனி மூன்று ஃப்ரேம் தாமதித்து ஆடட்டும், சீட்டு முதல் தடவை ஏர்ஹார்ட்டின் தலைமுடியில் சிக்கட்டும்.