ஜன்னலோரத்தில் மண்ணில்லாத் தோட்டம்: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

மண்ணின்றி ஊட்ட நீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் என்றதும் குழாய்களும் மோட்டாரும் பொருத்திய பெரிய அமைப்புதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஜன்னலோரத்தில் நாலைந்து இலைச்செடிகளை வளர்க்க அவை எதுவும் தேவையில்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வாளர் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறையில், மூடிய கலத்தில் ஊட்டக் கரைசலை நிரப்பி அதன்மேல் நாற்றை நிறுத்திவிட்டால், மின்சாரம் இன்றியே அது அறுவடை வரை வளரும். கீழே உள்ள செய்முறை அதைத் தழுவியது. இதற்கு வேண்டிய பொருள்களில் உரத்தைத் தவிர மற்ற யாவும் வீட்டிலோ அருகிலுள்ள கடையிலோ கிடைப்பவையே.

1. ஜன்னலைத் தேர்ந்தெடுத்தல்

நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் ஜன்னலே ஏற்றது. பூமியின் வட பாதியில் வசிப்பவர்களுக்குத் தெற்கு நோக்கிய ஜன்னலும், தென் பாதியில் வசிப்பவர்களுக்கு வடக்கு நோக்கிய ஜன்னலும் பொதுவாக அதிக ஒளி தரும். நம் கண்ணுக்குத் தாராளமாகத் தோன்றும் அறை வெளிச்சம் செடிக்குப் பெரும்பாலும் போதாது. தண்டு மெலிந்து நீண்டு, இலைகள் இடைவெளிவிட்டு வளர்ந்தால் ஒளி குறைவு என்று கொள்ளலாம். அப்போது சாதாரண வெள்ளை எல்இடி விளக்கைச் செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, வெயில் நேரமும் சேர்த்து 14 மணி நேரம் அளவுக்கு ஒளி கிடைக்கச் செய்யுங்கள்.

2. கலம்

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலைத் தோள்பகுதிக்குச் சற்றுக் கீழே வட்டமாக வெட்டி, மூடியைக் கழற்றிய மேல்பாகத்தைத் தலைகீழாகக் கீழ்பாகத்துக்குள் செருகினால் கலம் தயார். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். அதன்மீது ஒட்டுநாடாவைச் சுற்றிவிடுவது நல்லது. அடுத்து, கீழ்பாகம் முழுவதையும் கறுப்புக் காகிதத்தாலோ அலுமினியத் தாளாலோ ஒளி புகாதபடி மூட வேண்டும். ஊட்டமுள்ள நீரில் ஒளி பட்டால் சில நாள்களிலேயே பாசி படர்ந்து, செடிக்குரிய சத்தையும் வேருக்குரிய ஆக்சிஜனையும் பங்குபோட்டுக்கொள்ளும். நீர்மட்டத்தைப் பார்க்க விரல் அகலத்துக்கு ஒரு நெடுக்குப் பட்டையை மட்டும் தனியே திறந்து மூடும்படி விட்டுவையுங்கள். இரு பாகங்களுக்கும் இடையே சந்து இருந்தால் அதையும் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

3. வேர்ப்பிடிமானமும் நாற்றும்

தென்னை நார்க்கழிவு எளிதில் கிடைக்கும், ஈரத்தையும் நன்றாகப் பிடித்துவைக்கும். ஆனால் அதில் உப்பு தங்கியிருக்கக்கூடும் என்பதால், நீரில் ஊறவைத்துப் பிழிந்து இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். சிறு கூழாங்கற்களும் உதவும். அவற்றின்மேல் சில துளி வினிகரை விட்டுப் பார்த்து, நுரைத்தால் ஒதுக்கிவிடுங்கள். அவை சுண்ணாம்புக் கற்கள், கரைசலின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

முதல் முயற்சிக்கு லெட்டூஸ் அல்லது புதினா போதும். தக்காளி, மிளகாய் போன்ற காய்க்கும் செடிகளுக்கு இந்தக் கலமும் ஜன்னல் வெயிலும் பற்றாது. புதினாவின் தண்டை வெறும் நீரில் நிறுத்தினாலே வேர்விடும். லெட்டூஸ் விதை முளைக்க ஒளி தேவை என்பதால் ஆழமாகப் புதைக்காமல், ஈரமான நார்க்கழிவின்மேல் தூவி மெல்ல அழுத்தினால் போதும். கடும் வெப்பத்தில் அது முளைக்காமல் முரண்டுபிடிக்கும். வீட்டில் வெளிச்சமுள்ள குளிர்ந்த மூலையில் முளைக்கவைத்து, முளை தெரிந்ததும் ஜன்னலுக்குக் கொண்டுவாருங்கள்.

4. ஊட்டக் கரைசல்

கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கக் கூடாத ஒரே கட்டம் இதுதான். யூரியாவில் உள்ள தழைச்சத்தை வேர்கள் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்ற மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் வேண்டும். பாட்டில் நீரில் அந்த வேலை சரிவர நடக்காது. தழை, மணி, சாம்பல் சத்துகள் அடங்கிய, நீரில் கரையும் பொதுவான என்பிகே உரங்கள் பலவற்றில் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) இருப்பதில்லை. ஆகவே, ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே விற்கப்படும், நுண்ணூட்டங்கள் அடங்கிய உரத்தையே வாங்குங்கள். அது இரண்டு பொட்டலங்களாக வந்தால், முதல் பொட்டலத்தை முழு அளவு நீரில் நன்கு கரைத்த பிறகே இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் அடர்த்தியாக ஒன்றாய்க் கலந்தால், ஒன்றிலுள்ள கால்சியம், மற்றதிலுள்ள பாஸ்பேட்டுடனும் சல்பேட்டுடனும் சேர்ந்து வெண்மையாக அடியில் படிந்துவிடும். அது செடிக்குப் பயன்படாது.

கரைசலில் எவ்வளவு உரம் கரைந்துள்ளது என்பதைக் காட்டும் மின்கடத்துதிறன் (EC), இலைச்செடிகளுக்கு 0.8 முதல் 1.2 mS/cm வரை இருந்தால் போதும். அளவி இல்லாதவர்கள் உறையில் குறித்துள்ள அளவில் பாதியிலிருந்து தொடங்கலாம். கரைசலின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருப்பது நல்லது. அது மிகவும் உயர்ந்தால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போய், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிய வெளுத்துவிடும். மலிவான பிஎச் தாளைக் கொண்டே இதைச் சோதிக்கலாம்.

5. நடுதலும் நீர்மட்டமும்

விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மை இலைகள் வந்ததும் நாற்றைப் பிடிமானத்தோடு பாட்டிலின் கழுத்தில் வையுங்கள். பருத்தித் துணி நாடா ஒன்றைப் பிடிமானத்தில் செருகி, மறுமுனையைக் கரைசலில் தொங்கவிட்டால் வேர் இறங்கும்வரை ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் கரைசல், கழுத்தின் நுனியைத் தொடும் அளவுக்கு நிற்கட்டும்.

செடி நீரை உறிஞ்ச உறிஞ்ச மட்டம் தாழும். அப்படி வெளிப்படும் இடத்தில் மேல்வேர்கள் வெண்பஞ்சு போலக் கிளைத்து, காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுக்கத் தொடங்கும்; கீழ்வேர்கள் நீரையும் சத்தையும் எடுக்கும். தாழ்ந்த மட்டத்தைக் கண்டு பதறி மறுபடி விளிம்புவரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய மேல்வேர்கள் மூழ்கி மூச்சுமுட்டும்; கரைசல் நிறைந்திருந்தும் இலைகள் வாடும். பெரிய லெட்டூஸுக்கு இந்தக் கலத்தின் கொள்ளளவு போதாது என்பதால் இடையில் ஊற்றத்தான் வேண்டியிருக்கும். அப்போதும் வேர்களில் மேல்பாதி வெளியே நிற்கும்படி, பாதி அடர்த்திக் கரைசலை மட்டும் ஊற்றுங்கள்.

6. பராமரிப்பும் அறுவடையும்

இரண்டு மூன்று நாளுக்கொரு முறை பாட்டிலைச் சற்றே திருப்பிவைத்தால் செடி ஒருபக்கமாகச் சாயாது. வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நலம். பழுப்பேறி, கொழகொழத்து, நாற்றமடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கரைசல் சூடாவதுதான் பெரும்பாலும் காரணம் என்பதால் உச்சிவெயிலில் கலத்துக்கு மட்டும் நிழல் கொடுங்கள். இலைகளின் அடியில் அசுவினி தென்பட்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அகன்றுவிடும்.

லெட்டூஸில் வெளி இலைகளை மட்டும் பறித்து நடுக்குருத்தை விட்டுவைத்தால் சில வாரங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். நடுவிலிருந்து தண்டு நெடுநெடுவென உயரத் தொடங்கினால் இலை கசந்துவிடும். அந்தச் செடியைப் பிடுங்கிவிடலாம். எஞ்சிய கரைசலை நீர் சேர்த்து மண்தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, பாட்டிலைச் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்திய பிறகு அடுத்த நாற்றை வையுங்கள்.