பெரிய வயதில் பரதம் பழகுகிறவர்கள் உருப்படியில் விடும் தவறுகள்

விஜயதசமியன்று நடன வகுப்பில் சேர வருகிறவர்களில் இப்போது சின்னப் பிள்ளைகள் மட்டும் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மா, வங்கியில் வேலை செய்கிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, பல்கலைக்கழகத்தில் படிக்கிற இளைஞர் என்று பலரும் வருகிறார்கள். சின்ன வயதில் ஆசை இருந்தும் சண்டையும் இடப்பெயர்வும் விடவில்லை என்று சொல்கிறவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அவர்கள் வகுப்புக்கு வந்து நிற்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும்.

அடவு என்கிற அடிப்படை அசைவுகள் வரைக்கும் அவர்கள் நன்றாகவே வருவார்கள். முதல் உருப்படி, அதாவது மேடையில் ஆடுகிற முழு நடனம், தொடங்கியதும்தான் சிக்கல். "ரீச்சர், இண்டைக்குப் பழகினது நாளைக்கு மனசில நிக்குதில்லை. வயசு போட்டுது போல" என்பார்கள். வயதுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. உருப்படியைப் பழகுகிற வழி பிழைப்பதுதான் பெரும்பாலும் காரணம். கண்ணால் பார்த்துப் பிடிக்கப் பார்க்கிறார்கள். வாயால் சொல்லிப் பழகுவதில்லை. இங்கே சொல்லப்போகிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

எண்ணிக்கையில் பழகுவது

சினிமாப் பாட்டுக்கு ஆடிப் பழகியவர்கள் ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணிக்கொண்டே ஆடுவார்கள். ஆதி தாளமும் 8 எண்ணிக்கைதானே, பிறகென்ன என்று தோன்றும். தட்டடவுக்கு அது சரிவரும். அடவுகளைக் கோத்துக் கட்டிய கோர்வை வந்ததும் உடைந்துவிடும்.

ஒரு சின்னத் தீர்மானத்தை, அதாவது ஒரு பகுதியை முடித்து வைக்கிற கோர்வையை, எடுத்துப் பார்ப்போம். ஆதி தாளத்தில் ஒரு தட்டும் மூன்று விரலுமாக 4 எண்ணிக்கை. அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று இன்னொரு 4. ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் 4 சிறு கூறு, அதாவது மாத்திரை, வைத்தால் தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. பின்பாதியில் ரீச்சர் இப்படி ஒரு முடிவு வைப்பார்: "தா, ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம்." 'தா'வுக்கு 1 மாத்திரை. ததிங்கிணதொம் ஒவ்வொன்றுக்கும் த, திங், கி, ண, தொம் என்று 5 மாத்திரை. மூன்று தரம் சொன்னால் 15. எல்லாம் சேர்த்து 16, அதாவது சரியாக 4 எண்ணிக்கை. ஐந்தாம் எண்ணிக்கையில் 'தா' விழுந்தால், முடித்த கையோடு அடுத்த சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், காலைப் புதிதாக எடுக்கலாம்.

இதை எண்ணிப் பிடிக்கப் பாருங்கள். முதல் ததிங்கிணதொம் ஐந்தாம் எண்ணிக்கையின் நடுவில் எங்கோ தொடங்கி ஆறாம் எண்ணிக்கைக்குள் போய் முடியும். மூன்றாவது, ஏழாம் எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில் தொடங்கும். மூன்றில் ஒன்றுகூட எண்ணிக்கையின் தலையில் தொடங்காது. கொப்பியில் "ஏழில் கை மேலே" என்று எழுதி வைத்தவர் அந்த இடத்தில் தடுமாறத்தான் செய்வார். வாயால் சொல்கிறவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. சொல் முடிகிற இடத்தில் காலும் முடியும். அலாரிப்பு என்கிற உருப்படியிலும் இதே கதைதான். வழக்கமாக முதலில் பழக்குகிற அலாரிப்பு திஸ்ரத்தில், மூன்று மூன்றாகப் போவது. அதற்குள் எட்டைக் கொண்டுபோய்த் திணித்தால் முதல் கழுத்தசைவிலேயே குழப்பம் வரும்.

அதனால் புதிய கோர்வை ஒன்று கிடைத்ததும் எழும்பி ஆடத் தொடங்காதீர்கள். இருந்தபடியே கையால் தாளம் போட்டு, 'தா, ததிங்கிணதொம்' போன்ற சொற்கட்டைச் சொல்லுங்கள். தாளம் பிசகாமல் வந்த பிறகு எழும்பி நின்று, கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயையும் காலையும் மட்டும் சேருங்கள். கை அதற்குப் பிறகுதான். ஆடிக்கொண்டே சொல்லும்போது எந்த இடத்தில் வாய் நிற்கிறதோ, மேடையில் அந்த இடம்தான் மறக்கும். நான் வகுப்பில் எல்லாரையும் இப்படித்தான் பார்க்கிறேன். "அக்கா, ஆட வேண்டாம், ஒருக்காச் சொல்லுங்கோ" என்றால் போதும், சிக்கல் எங்கே என்று அவருக்கே தெரிந்துவிடும்.

பெரியவர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. பத்து வயதுப் பிள்ளை பார்த்துவிட்டு அப்படியே செய்யும். உங்களுக்கு அது வராமல் இருக்கலாம். ஆனால் எந்தக் கோர்வை எந்த அடவுகளால் கட்டப்பட்டது, எது திரும்ப வருகிறது, எது வலம் முடிந்து இடம் வருகிறது என்பதை நீங்கள் கெதியாகப் பிடிப்பீர்கள். ஜதீஸ்வரம் என்கிற நீளமான உருப்படியையும் நாலைந்து கோர்வைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் சொற்கட்டும் அடவின் பெயரும் எழுதினால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். "வலது கை மேலே, இடது கால் பின்னே" என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பிரயோசனம் இல்லை. ஆடும்போது அதை வாசிக்க முடியாது, வாசித்தாலும் தாளம் தெரியாது.

முன்வரிசையைப் பார்த்து ஆடுவது

இரண்டாம் வரிசையில் நின்றுகொண்டு முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்து ஆடுவது பெரியவர்களிடம் நான் காண்கிற மிகச் சாதாரணமான பழக்கம். வகுப்பில் அது குறையாகவே தெரியாது. கால் ஒரு கணம் பிந்தி விழும், அவ்வளவுதான். முன்னால் நிற்பவர் ஒருநாள் வராவிட்டால்தான் உங்களுக்கு உருப்படி தெரியாது என்பது தெரியவரும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தரமாவது முன்வரிசையில் நில்லுங்கள். கூச்சமாக இருந்தால் ரீச்சரிடம் சொல்லுங்கள், அவரே உங்களை முன்னால் நிற்க வைப்பார்.

வீடியோவிலும் இதே பொறி இருக்கிறது. ரீச்சர் உங்களைப் பார்த்தபடி ஆடிய வீடியோவில் வலமும் இடமும் மாறித் தெரியும். அதைப் பார்த்துத் திருத்திய காலை வகுப்பில் மறுபடி திருத்த வேண்டி வரும். அனுமதி கேட்டு ரீச்சருக்குப் பின்னால் நின்று எடுங்கள், அல்லது அந்தக் கோர்வையின் சொற்கட்டை மட்டும் போனில் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால் குரல்தான் நல்லது. பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போகும்போதும் கேட்கலாம், மடியில் விரலால் தாளமும் போடலாம்.

யூரியூப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் ரீச்சர் கலாஷேத்திரப் பாணியில் படித்தவராக இருக்கலாம். நீங்கள் வீட்டில் பார்க்கிற கலைஞர் வழுவூர்ப் பாணியோ பந்தநல்லூர்ப் பாணியோ ஆடுகிறவராக இருக்கலாம். எல்லாம் பரதம்தான், ஆனால் அடவு பிடிக்கிற விதமும் கையை நீட்டுகிற விதமும் பாணிக்குப் பாணி வேறுபடும். இரசிப்பதற்கு எல்லாரையும் பாருங்கள். அடிப்படை உறுதிப்படும் வரை ஒருவரிடம் மட்டும் பழகுங்கள்.

எப்போதும் தொடக்கத்திலிருந்து ஆடுவது

வீட்டில் பயிற்சி என்றால் பாட்டைப் போட்டு முதலிலிருந்து ஆடுவது, எங்காவது பிழைத்தால் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து ஆடுவது. இப்படி ஆடினால் முதல் கோர்வை பலமடங்கு பயிற்சி பெறும், கடைசிக் கோர்வைக்கு ஒன்றும் மிஞ்சாது. கடைசிக்கு வரும்போது மூச்சும் வாங்கும், தொடையும் நடுங்கும். உருப்படியின் மிகக் கடினமான தீர்மானமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தலைகீழாகச் செய்து பாருங்கள். முதலில் கடைசிக் கோர்வை, அப்புறம் அதற்கு முந்தியதும் கடைசியும், அப்படியே தொடக்கத்தை நோக்கிப் போங்கள். ஆட ஆடத் தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள். பிழை வந்தால் நிற்கவும் வேண்டாம். சொற்கட்டை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடுத்த சமம் வரை பொறுத்து, அங்கே சேர்ந்துகொள்ளுங்கள். இப்படிச் சேருவதையும் வீட்டில் வேண்டுமென்றே பழக வேண்டும். பாட்டின் நடுவில் எங்காவது நிறுத்தி, திரும்பப் போட்டு, எந்த இடம் என்று கண்டுபிடித்து ஆடுங்கள்.

பாட்டின் வேகத்திலேயே எப்போதும் ஆடுவதும் இதோடு சேர்ந்த தவறுதான். முதலாம் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், முழங்காலை மடித்துப் பாதியாக இருக்கிற அரைமண்டியிலிருந்து எழும்பாமல், ஒரு கோர்வையை முழுதாக ஆடிப் பாருங்கள். வேகத்தில் மறைந்து கிடந்த தவறுகளெல்லாம் அங்கே தெரியும்.

முழங்காலோடு மல்லுக்கட்டுவது

அரைமண்டி வடிவாக வரவேண்டும் என்ற ஆசையில் பாதங்கள் இரண்டையும் பக்கவாட்டாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். முழங்கால் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குள் இறங்கும். திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். தொடை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்கே பாதத்தைத் திருப்புங்கள். கீழே பார்த்தால் முழங்கால் பாதம் பார்க்கிற திசையையே பார்க்க வேண்டும். ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை, முதுகு நேராக இருக்கட்டும். குந்துகிற ஆசையில் பின்பக்கத்தைத் தள்ளினால் நாரிப்பிடிப்புத்தான் மிஞ்சும்.

தொடை உளைவது வேறு, முழங்காலுக்குள் குத்துவது வேறு. முதலாவது இரண்டு மூன்று நாளில் போகும், பழகப் பழகக் குறையும். இரண்டாவது வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும், தொடர்ந்தால் டொக்டரிடம் காட்ட வேண்டும். அலாரிப்பில் முழுதாகக் குந்துகிற முழுமண்டி வரும். உங்கள் முழங்கால் விடாவிட்டால் அந்த இடத்தை அரைமண்டியாக மாற்றித் தரும்படி ரீச்சரிடம் கேளுங்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை. பெரியவர்களுக்கு மாற்றித் தருவது ஆசிரியரின் வேலையில் ஒரு பகுதி.

தரையையும் கவனியுங்கள். கொங்கிறீட்டுக்கு மேல் மாபிள் பதித்த வீட்டில் தினமும் ஓங்கித் தட்டினால் குதிக்காலும் கணைக்காலும் நோகும். வீட்டில் மெல்லத் தட்டுங்கள், முழுத் தட்டை வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோகிறது என்று பாய் விரித்து ஆட வேண்டாம். கால் திரும்பும்போது பாய் சேர்ந்து இழுத்து முழங்காலை முறுக்கும்.

முகத்தைக் கடைசிக்கு விடுவது

கால் வந்தபிறகு கை, கை வந்தபிறகு முகம் என்று ஒத்திப்போடுகிறவர்களின் முகம் கடைசிவரை தாளம் எண்ணுகிற முகமாகவே இருக்கும். கை போகிற இடத்துக்குக் கண்ணும் போகவேண்டும் என்பதை முதல் நாட்டடவிலேயே தொடங்கிவிடலாம். அடவில் சிரிக்கத் தேவையில்லை. பார்வை எங்கே என்பது தெளிவாக இருந்தால் போதும்.

முகத்தாலும் கையாலும் பொருள் சொல்கிற அபிநயம் வருகிற உருப்படியில் பெரியவர்களின் தவறு வேறு விதம். ரீச்சர் புருவம் உயர்த்திய இடத்தில் தாங்களும் உயர்த்துவார்கள். என்ன சொல்லுக்கு உயர்த்தினார் என்று கேட்டால் தெரியாது. தேவாரமோ பதமோ, முதலில் பாட்டை வாசித்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், கோபமா ஊடலா என்று ரீச்சரோடு கதையுங்கள். பிள்ளை பெற்று, பிரிந்து, காத்திருந்து, கோயில் வாசலில் அழுது வாழ்ந்தவர்களுக்கு இதில் இருக்கிற ஆழம் சின்னப் பிள்ளைக்கு வராது. அம்மா ஒருவர் தாலாட்டுக்குக் கை வைக்கும்போது வகுப்பே அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்தப் பலத்தைப் பயன்படுத்தாமல் காலின் வேகத்தில் பிள்ளைகளோடு போட்டி போடுவதுதான் எனக்கு வருத்தமான விஷயம்.

அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று தஞ்சை நால்வர் என்கிற சகோதரர்கள் ஒழுங்குபடுத்திய வரிசையிலேயே எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். வர்ணம் அரை மணித்தியாலத்துக்கு மேலும் போகும். வேலைக்குப் போய் வருகிற ஒருவருக்கு ஓர் அலாரிப்பும் ஒரு சின்னப் பதமும் வடிவாக வந்தால் அது நல்ல வருடம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் போவதா என்பதும் அப்படித்தான். தரம் தரமாகப் படிப்பது சிலருக்கு ஊக்கம் தரும், அவர்கள் எழுதட்டும். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து நடன மாணவர் நாள் முழுக்கப் படிக்கிறதை வாரத்தில் இரண்டு பின்னேரத்தில் எட்டிப் பிடிக்கப் பார்க்க வேண்டாம்.

மேடைக்கு முதல் வாரம்

அநேகருக்கு முதல் மேடை வாணி விழாவாக இருக்கும். சதங்கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கட்டுவது பெரிய தவறு. கணுக்காலில் பாரம் ஏறியதும் கால் பிந்தும், பிந்திய ஒவ்வொரு தட்டும் எல்லாருக்கும் கேட்கும். ஒரு வாரம் முன்னரே கட்டி ஆடுங்கள். உடுப்பையும் ஒரு தரம் போட்டு அரைமண்டியில் இருந்து பாருங்கள், முன்னால் விரிகிற விசிறி மடிப்பு எங்கே இழுக்கிறது என்று தெரியும்.

வகுப்பில் எப்போதும் ஒரே யன்னலைப் பார்த்து ஆடியவருக்கு மேடையில் திசை தெரியாமல் போகும். வீட்டில் நாலு பக்கமும் திரும்பி நின்று ஆடிப் பழகுங்கள். வீரசிங்கம் மண்டபம் மாதிரிப் பெரிய மேடை என்றால் வகுப்பறையில் எடுத்த அடி அங்கே சின்னதாகத் தெரியும், பாடசாலை மேடை என்றால் அதே அடி பெரிதாகிவிடும். நிகழ்ச்சிக்கு முதல் மேடை கிடைத்தால் பாட்டில்லாமல், சொற்கட்டைச் சொல்லிக்கொண்டு உருப்படி முழுவதையும் ஒரு தரம் நடந்து பாருங்கள். கடைசிக் கோர்வை முடிகிற இடத்தில் உங்களுக்கும் பக்கத்துத் திரைக்கும் இடையில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.